பூமிக்குள் ஓர் உருண்டை

புவியியல் பாடத்தில் பூமியின் படம் வரையும்போது நடுவில் 'உட்கரு' என்று குறிக்கிறோம் அல்லவா? அதைக் கண்டறிந்தவர் ஒரு பெண்மணி. பெயர் இங்கே லேமன். (நம் காதுக்கு வேடிக்கைதான்!) 1888-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பிறந்தவர். ஆண், பெண் பேதம் பாராத பள்ளியில் பயின்ற அவருக்கு, கேம்பிரிட்ஜில் மாணவியருக்கு இருந்த கட்டுப்பாடுகள் அதிர்ச்சியளித்தன.

பூமியின் கரு முழுவதும் திரவமே என்று அக்காலத்தில் அறிஞர்கள் எண்ணினர். அப்படியானால் நிலநடுக்க அலைகள் அதில் நுழைந்து வளைந்துவிடும். மறுபுறம் சில பகுதிகளை எட்டவே கூடாது. 1929-இல் நியூசிலாந்தில் நிலம் அதிர்ந்தபோதோ, அந்தப் பகுதிகளிலும் மெல்லிய அலைகள் பதிவாகியிருந்தன! மற்றவர்கள் வேறு காரணம் கூறினர். லேமன் விடவில்லை. அந்நாளில் கம்ப்யூட்டர் ஏது? ஓட்ஸ் வந்த அட்டைப் பெட்டிகளில் குறிப்பு அட்டைகளை அடுக்கி வைத்துக் கணக்கிட்டார். திரவத்தின் நடுவே வேறோர் உருண்டை இருந்து அலைகளைத் திருப்புகிறது என்று 1936-இல் எழுதினார். அது திடப்பொருள் என்பது பின்னர் உறுதியாயிற்று.

1953-இல் ஓய்வு பெற்றும் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. 1971-இல் அமெரிக்காவின் பௌவி பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1993-இல் மறைந்தபோது அவருக்கு வயது 104.