எருவை எண்ணும் முறை

வெற்றிலை கவுளியாக எண்ணி விற்கப்படுகின்றது. இலை பெரிதாயினும் சிறிதாயினும் கவுளிக்கு எண்ணிக்கை ஒன்றே, எடைதான் வேறுபடும். ரஸாயன சாஸ்திரத்தில் ‘மோல்’ என்பதும் இத்தகையதே. ஒரு மோலில் அடங்கிய மூலக்கூறுகளின் தொகை, ஏறக்குறைய 602க்குப் பின் 21 பூஜ்யங்கள் இட்டதாகும். இதனை ஒருவராலும் எண்ணிக் காண இயலாது; தராசினால் இயலும்.

சுத்தமான யூரியா ஒரு மோல் 60 கிராம்; அமோனியம் ஸல்பேட் 132 கிராம். இரண்டிலும் கூறு ஒன்றுக்கு நைட்ரஜன் அணுக்கள் இரண்டேயாதலால், மோல் ஒன்றில் நைட்ரஜன் 28 கிராமே. ஆகவே, 60 கிலோ யூரியா தரும் நைட்ரஜனைப் பெற அமோனியம் ஸல்பேட் 132 கிலோ இடவேண்டும். மூட்டை விலையை மட்டும் ஒப்பிட்டு மலிவென்று வாங்குவோர் நஷ்டமடைவது இதனாலேயே. பின்னதில் மோலுக்கு 32 கிராம் கந்தகமும் உண்டு; கந்தகம் குன்றிய நிலமுடையோர் அதற்கும் விலை மதித்துக்கொள்ளல் தகும்.