வீட்டுச் சலனப்படங்களைப் படியெடுத்தல்

காவிரிக் கரையில் வாழ்ந்த நம் முன்னோர், இற்றுப்போன ஏட்டுச் சுவடிகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கமுடையராயிருந்தனர். படியெடுத்துக்கொண்டபின் விட்டவற்றால் இழப்பில்லை. படியெடாது விட்டவற்றோடு நூல்களும் ஒருங்கே மறைந்தன. 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஊரூராய்ச் சென்று எஞ்சிய சுவடிகளைத் தேடி அச்சேற்றிய வரலாற்றை யாவரும் அறிவர்.

அச்சுவடிகளை யொத்த பொருளொன்று இன்றும் சில வீடுகளின் டிரங்குப் பெட்டிகளிற் கிடக்கின்றது. அதுவே பழைய பிலிம் சுருள். கோடாக் கம்பெனியார் வீட்டுப் படங்களுக்கென 16 மில்லிமீட்டர் பிலிமை 1923-லும், 8 மில்லிமீட்டர் பிலிமை 1932-லும், சூப்பர் 8 என்பதை 1965-லும் வெளியிட்டனர். இவற்றுட் பெரும்பாலானவற்றிற்குத் தனி நெகட்டிவ் இல்லை. காமிராவினுள் ஓடிய சுருளே பக்குவப்படுத்தப்பெற்றுத் திரையிலும் காட்டப்படும். ஆதலின் அஃது ஒற்றைப் பிரதி, கெட்டால் மீளாது.

கெடுவதன் காரணத்தை நோக்குவோம். இச்சுருள்களின் அடித்தளம் பெரும்பாலும் அசிட்டேட் என்னும் பொருளாலாயது. வெப்பமும் ஈரமும் தாக்க, அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். பெட்டியைத் திறந்தவுடன் காடி நாற்றம் வீசும். அவ்வமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துவதோடு அருகிலுள்ள சுருள்களையும் தாக்கும். சித்திரை வெயிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் மாறி மாறி வரும் தஞ்சை நாட்டில் இக்கேட்டிற்குக் குறைவில்லை. நாற்றமுடைய சுருளை உடனே பிரித்து வைத்தல் வேண்டும்.

சிதறிய சுருள்களைத் திரட்டுவதன் அருமைக்கு ஏ. கே. செட்டியாரவர்களின் முயற்சியே சான்று. காந்தியடிகளைப்பற்றிப் படமெடுக்க விரும்பிய அவர், 1937 முதற் பல நாடுகளிற் சுற்றி, பலர் பல காலங்களிற் பிடித்த சுமார் 50,000 அடி பிலிமைச் சேர்த்து, 12,000 அடியாகத் தொகுத்து, 1940-ல் சென்னையில் வெளியிட்டார். அப்படமும் பின்னர்க் கிடைத்தற்கரியதாயிற்று. அதன் ஆங்கில வடிவம் நெடுங்காலத்திற்குப் பின் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திற் கண்டறியப்பட்டது. ஊரறிந்த படத்தின் நிலை இதுவாயின், வீட்டுப் படத்தின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இனிப் படியெடுக்கும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, ஆவலால் பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்தலாகாது. சுருங்கிய பிலிமின் துளைகள் பற்சக்கரத்தோடு பொருந்தாமற் கிழியும். தொழிலறிந்தோர் கையாளும் ஸ்கேனரிற் பல்லில்லா உருளைகள் பிலிமை மெல்ல நகர்த்த, வெப்பங்குறைந்த விளக்கொளியில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே பதிவாகும்.

இரண்டாவது, படத்தின் வேகத்தைக் காத்தல் வேண்டும். 50 அடியுள்ள 8 மில்லிமீட்டர் சுருளில் 4,000 கட்டங்கள் உள. நொடிக்கு 16 கட்டமாகப் பிடித்த அது 4 நிமிடம் 10 நொடி ஓடவேண்டும். இக்கால வழக்கப்படி நொடிக்கு 25 கட்டமாக ஓட்டினால் 2 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடும். நாற்று நடும் பெண்டிர் பேய் பிடித்தாற்போல் விரைவர்.

மூன்றாவது, படத்தொகுப்புச் செய்ய விரும்புவோர் டிவிடி ஒன்றே போதுமென்று அமைதல் கூடாது. அதிற் படம் மிகச் சுருக்கப்பட்டிருத்தலின், நிறத்தையும் ஒளியையும் திருத்தப் புகின் கெடும். சுருக்கம் மிகக் குறைந்த மூலக் கோப்பொன்றும், பார்த்தற்கெனச் சிறு கோப்பொன்றும் கேட்டுப் பெறுக. மூலக் கோப்பின் பிரதிகளை வெவ்வேறிடங்களில் வைத்துச் சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய தட்டிற் படியெடுக்க. வன்தட்டும் ஏட்டைப் போல் அழியுந் தன்மையதே.

நான்காவது, படியெடுத்தபின்னும் மூலச்சுருளை எறிதலாகாது. நாளை இதனினும் சிறந்த கருவி தோன்றக்கூடும். குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைத்துக் காக்க.

மாணவ நண்பர்காள்! இவையனைத்தையும் கூலி கொடுத்துச் செய்வித்தல் கூடும். கூலிக்குக் கிட்டாதது ஒன்றுண்டு. திரையில் வரும் முகம் எவருடையது, அக்களம் எவ்வூரது என்பதைச் சொல்லவல்ல முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அவர் அருகிலிருந்து படத்தைக் காட்டி, பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வீராக. விடுமுறையில் ஊர் செல்லுங்கால் முதற்கண் இதனைச் செய்யுமாறு வேண்டுகின்றோம்.