இடது பக்கம் மட்டும் ஏன் தேய்கிறது?

கேள்வி: ஐயா, சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகை மொத்த வியாபாரம். 2009 மாடல் ஓம்னி வேன் வைத்திருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் நெடுமங்காடு, விதுரா வரை சரக்கு போகும். சில நாள் வடசேரிச் சந்தைக்கும் போய் வரும். இந்த 8 மாதத்தில் பின்சக்கர பிரேக் ஷூ இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. இடது பக்கம்தான் இரும்பு தெரியத் தேய்கிறது. வலது பக்கம் அவ்வளவாக இல்லை. ஹேண்ட் பிரேக் மேலே வரை ஏறுகிறது என்று கேபிளை இறுக்கித் தந்தார்கள். ஒரு மாதத்தில் மறுபடியும் அதே கதை. விதுராவிலிருந்து இறங்கும்போது கருகல் வாசனை வருகிறது. டிரம் இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அப்பா இந்த வேனில் ஏறவே மாட்டேன் என்கிறார். இறக்கத்தில் ஒரு நாள் பிரேக் பிடிக்காமலே போய்விடுமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது.
— ம. செ., சாலை, திருவனந்தபுரம்.

பதில்: தம்பி, முதலில் அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஷூ தேய்வதால் பிரேக் ஒரே நாளில் செத்துப்போகாது. உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி வழியாகப் போகிறது. ஒரு வழி கெட்டாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். மிதி ஆழமாகப் போகும், நிற்கும் தூரம் கூடும், ஆனால் நிற்கும். அதோடு, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கர டிஸ்க்குடையது. இவ்வளவு ஆறுதல் போதும். இதற்கு மேல் சொன்னால் அசட்டை வந்துவிடும். மிதி மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனாலோ, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்தாலோ, சரக்கு எவ்வளவு அவசரமானாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

இனி காரணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'இடது பக்கம்தான்' என்ற ஒரு சொல். சரக்கு ஏற்றுவதாலோ மலைப்பாதையாலோ மட்டும் தேய்மானம் வந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத் தேயும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அங்கே ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது எதிர்ப்பக்கம் வேலை செய்யவில்லை. இந்த இரண்டாவது வாய்ப்பைப் பலரும் யோசிப்பதில்லை.

டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்புச் சட்டி. அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ நிற்கும். அவற்றின் முதுகில் லைனிங் (உராய்ந்து தேய்வதற்கென்றே உள்ள பட்டை) ஒட்டியிருக்கும். மிதியை அழுத்தினால் வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தால் இரு பக்கமும் தள்ளும் சிறு உருளை) ஷூ இரண்டையும் விரித்து டிரம்மில் ஒட்டவைக்கும். மிதியை விட்டதும் ஸ்பிரிங் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரே சக்கரத்தில் முன்பக்க ஷூ பின்பக்க ஷூவைவிடக் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் பயப்படாதீர்கள். டிரம் சுற்றும் வேகமே முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால் அது அதிகம் உழைக்கிறது, அதிகம் தேய்கிறது. அது இயல்பு. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால்தான் இயல்பு இல்லை.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பழைய வேன் வந்தது. அதே குறை, ஒரு பக்கத்து ஷூ மட்டும் காலி. அந்தப் பக்கம் நான் சிலிண்டர் மாற்றினேன், ஸ்பிரிங் மாற்றினேன், மூன்று முறை புது ஷூ போட்டேன். தேய்வது நிற்கவில்லை. நான்காம் முறை, தேயாத பக்கத்து டிரம்மைக் கழற்றினேன். உள்ளே லைனிங் கறுத்து, பளபளவென்று, விரலில் ஒட்டும்படி இருந்தது. அச்சு ஆயில் சீல் (அச்சின் நுனியில் கியர் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிந்து லைனிங் முழுக்க ஊறியிருந்தது. அந்தப் பக்கம் பிடிமானமே இல்லை. பின்பக்கத்து வேலை முழுவதையும் இந்தப் பக்கம் தனியாகச் சுமந்து தேய்ந்துகொண்டிருந்தது. நல்ல பக்கத்தைத்தான் நான் மூன்று முறை பிரித்துப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். வண்டிக்காரர் அதற்காகக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

உங்கள் ஓம்னியும் பின்சக்கரத்தால் ஓடும் வண்டி. பின்னச்சுக்குள் கியர் ஆயில் இருக்கிறது. ஆகவே முதலில் வலது டிரம்மைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றுவதற்கு முன்பே, வலது டயரின் உள்பக்கத்தையும் அதன் பின்னால் உள்ள தகட்டின் அடிப்பகுதியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமாகப் புழுதி அப்பியிருந்தால் கசிவு உண்டு. கெட்டியாக, மூக்கில் ஏறும் கந்தக வாசனையோடு இருந்தால் அது கியர் ஆயில், சீல் போயிருக்கிறது. தண்ணீர் போல மெல்லியதாக இருந்தால் பிரேக் ஆயில்; வீல் சிலிண்டர் ரப்பர் போயிருக்கிறது. சீல் மாற்றும்போது அச்சு உறையின் மேலுள்ள மூச்சுத்துளையையும் (உள்ளே சூடேறும் காற்று வெளியேறும் சிறு வழி) பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்து மலைப்பாதைச் சேறு அதை அடைத்துவிடும். அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, புது சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ தீயில் காட்டியோ மறுபடி பூட்ட விடாதீர்கள். அது திரும்பத் தேறாது.

வலது பக்கம் காய்ந்து சுத்தமாக இருந்தால், சிக்கல் இடது பக்கம். ஷூ டிரம்மை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. இதை நீங்களே சோதிக்கலாம். காலையில் சமமான ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர், பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி, தானாக வேகம் குறைய விட்டு நிறுத்துங்கள். சக்கரத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். பிரேக் பிடிக்காமல் வந்தும் இடது பக்கம் மட்டும் அனல் அடித்தால் உரசல் உறுதி.

ஏன் உரசுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. முன்சக்கரம் இரண்டுக்கும் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கட்டும். இடது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் வீல் சிலிண்டரின் பின்னாலுள்ள ஏர் எடுக்கும் நிப்பிளை மெக்கானிக் சற்றே திறக்கட்டும். கொஞ்சம் ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே இலகுவானால், மிதியை விட்ட பின்பும் அழுத்தம் உள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். பின்னச்சுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உட்பக்கம் வீங்கி அடைத்திருக்கலாம். வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். ஆனால் அப்படியென்றால் வலது சக்கரமும் இறுகியிருக்க வேண்டும். நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் விடவில்லையா? அப்போது ஆயிலின் மேல் பழி இல்லை. ஹேண்ட் பிரேக் கேபிளோ, சோர்ந்துபோன ஸ்பிரிங்கோ, துருப்பிடித்து நின்றுவிட்ட சிலிண்டர் பிஸ்டனோதான் காரணம்.

எனக்கு அதிகச் சந்தேகம் கேபிள் மேல்தான். ஹேண்ட் பிரேக் மேலே ஏறுகிறது என்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். டிரம்முக்குள் அட்ஜஸ்டர் (அந்த இடைவெளியைக் குறைக்கும் பல் அமைப்பு) இருக்கிறது. அங்கே சரிசெய்ய வேண்டும். அதற்கு டிரம் கழற்ற வேண்டும், நேரம் ஆகும். வண்டிக்கு அடியில் படுத்து கேபிள் நட்டை நாலு சுற்று இறுக்கினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதனால் பலர் கேபிளை இறுக்கித் தந்துவிடுகிறார்கள். விளைவு என்ன? ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பின்பும் உள்ளே இருக்கும் லீவர் முழுதாகத் திரும்பாது. ஷூ பாதி விரிந்தபடியே ஓடும். தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இருந்தால் அதுவும் வேலை செய்யாமல் நின்றுவிடும். இடது கேபிளின் உறைக்குள் துரு இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் மாட்டிக்கொள்ளும். ஒரு மாதத்தில் தேயும், இடைவெளி மறுபடி கூடும், மறுபடி கேபிளை இறுக்குவார்கள். உங்கள் கடிதத்தில் நான் வாசித்தது இதைத்தான்.

சரியான வரிசை இது: முதலில் கேபிளை முழுக்கத் தளர்த்த வேண்டும். பிறகு அட்ஜஸ்டரில் ஷூவைச் சரிசெய்து, டிரம்மைப் பூட்டி, மிதியைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விட வேண்டும். சக்கரம் லேசாக 'சர்' என்று உரசும் சத்தத்தோடு தடையின்றிச் சுற்றினால் சரி. கடைசியில்தான் கேபிளைத் தொட வேண்டும். எத்தனையாவது பல்லில் பிடிக்க வேண்டும் என்று வண்டிக் கையேட்டில் இருக்கும். டேஷ்போர்டில் ஹேண்ட் பிரேக் சிவப்பு விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். உங்கள் தெருவில் மூட்டை இறக்க இருபது அடிக்கு ஒருமுறை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கிளப்ப வேண்டியிருக்கும். அந்தத் தெருவை எழுதிய ஆ. மாதவனின் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்த நெரிசலை நான் விளக்க வேண்டியதில்லை. விளக்கு பியூஸ் போயிருந்தால், ஒரு பல் இழுத்தபடியே கரமனை தாண்டிப் போயிருப்பீர்கள், தெரிந்திருக்காது.

டிரம் மாற்ற வேண்டுமா என்பது அளந்த பிறகு சொல்ல வேண்டிய விஷயம். டிரம்மின் உள்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். ஷூ படாத ஓரம் மேடாகவும், பட்ட இடம் பள்ளமாகவும் இருக்கும். நகம் நன்றாகத் தடுக்கினால், அல்லது உட்புறம் கிராமபோன் தட்டுப் போல வரி வரியாக இருந்தால், அதில் புது ஷூ முழுக்கப் படியாது. மேடுகளில் மட்டும் பட்டுச் சீக்கிரம் தேயும். இரும்பு தெரியும் வரை ஓட்டியிருப்பதால் இடது டிரம்மில் இந்த வரி நிச்சயம் இருக்கும். லேத்துப் பட்டறையில் உட்புறத்தைக் கடைந்து சமப்படுத்தலாம். எவ்வளவு விட்டம் வரை கடையலாம் என்ற எல்லை டிரம்மிலேயே வார்த்திருக்கும், அல்லது கையேட்டில் இருக்கும். அந்த எல்லைக்குள் இருந்தால் இரண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குக் கடையுங்கள். தாண்டியிருந்தால் மெக்கானிக் சொன்னதுதான் சரி, மாற்றிவிடுங்கள். அளக்காமல் மாற்றுவதும், அளக்காமல் ஓட்டுவதும் இரண்டும் வேண்டாம்.

ஷூ எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஸ்பிரிங் செட்டோடு. சூட்டில் நிறம் மாறிய ஸ்பிரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் இழுக்கும் பலம் குறைந்திருக்கும். ஷூவின் ஓரம் உட்காரும் பின்தகட்டுத் திட்டுகளில் சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிய பூச்சு போதும். லைனிங்கில் ஒரு துளிகூடப் படக் கூடாது. டிரம் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாய் வைத்து அடிக்கவோ விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதன் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். அந்த மெக்கானிக்கும் ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்தான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உங்கள் ஊர் ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடுங்கள். மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் வீங்கி, நான்கு சக்கரமும் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் கேளுங்கள். சுமைக்கேற்றபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு சில வேன்களில் உண்டு. பின்னச்சுக்கு மேலே ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ இணைத்திருக்கும். வருடக்கணக்காக மூட்டை ஏற்றிப் பட்டை ஸ்பிரிங் தொய்ந்துபோனால், காலி வண்டியையும் நிறை வண்டி என்று அது எடுத்துக்கொண்டு பின்பக்கத்துக்கு அதிக அழுத்தம் அனுப்பும். பின் ஷூ தேயும், மழையில் பின்சக்கரம் வழுக்கும். கூடுதல் பட்டை போட்டு வண்டியை உயர்த்தினால் நேர்மாறாக, சரக்கோடு போகும்போது பின் பிரேக் போதாமல் போகும். உங்கள் வண்டியில் அது இருந்தால் பட்டையைச் சரிசெய்யாமல் வால்வை மட்டும் திருகக் கூடாது. ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடைக்கு மேல் அரிசி மூட்டை ஏற்றுவதையும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்தக் கருகல் வாசனை. விதுரா இறக்கத்தில் மிதியில் காலை வைத்தபடியே வராதீர்கள். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கும் பிடிமானத்தை இழக்கும், மிதி ஆழமாகப் போகும். அப்பா பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் நியாயம். ஏறிய அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கை அழுத்தமாகக் கொஞ்ச நேரம் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்தால், டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவைக் கவ்விக்கொள்ளும். தண்ணீரும் ஊற்ற வேண்டாம், வார்ப்பிரும்பு விரிசல் விடும். புது ஷூ போட்டபின் முதல் 200 கிலோமீட்டருக்கு மலைப்பக்கம் போகாமல் ஊருக்குள் மென்மையாகப் பிடித்துப் படிய விடுங்கள்.

இந்த முறை கழற்றும் நான்கு ஷூவையும் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். இடது, வலது, முன், பின் என்று சாக்பீஸால் எழுதி வாங்கி வந்து, வெயிலில் வரிசையாக வைத்துப் பாருங்கள். வலது பக்கத்து இரண்டில் எண்ணெய்க் கறுப்பு இருந்ததா, நிப்பிளைத் திறந்தபோது சக்கரம் இலகுவானதா — இந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.