அவசரம் வந்தால் ஓடாதீர்கள்

அடிக்கடி சிறுநீர் முட்டிக்கொண்டு வருகிறது, அடக்க முடியவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களைச் செய்துகொண்டிருப்பார்கள். ஒன்று, தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. இன்னொன்று, வெளியே கிளம்பும்போதெல்லாம் ‘எதற்கும் ஒருமுறை போய்விட்டு வந்துவிடலாம்’ என்று கழிப்பறைக்குப் போவது. இரண்டும் தொல்லையை வளர்க்கும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். நிறைவதற்குள் காலி செய்துகொண்டே இருந்தால், கொஞ்சம் சேர்ந்ததுமே கூப்பிடப் பை பழகிவிடும். அப்படிப் பழகிய பையை வீட்டிலேயே மறுபடி பழக்கலாம்.

1. பரிசோதனை

யூரின் டெஸ்ட், ரத்தச் சர்க்கரை இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கிருமித்தொற்றும் சர்க்கரை நோயும் இதே மாதிரி அலைக்கழிக்கும். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல், சொட்டுச் சொட்டாகப் போவது, கால் மரத்துப்போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

2. மூன்று நாள் கணக்கு

எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எவ்வளவு போயிற்று என்று மூன்று நாள் நோட்டில் எழுதுங்கள். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். குத்துமதிப்பாக எழுதுவதில் பயன் இல்லை. பெரியவர்களின் பை சாதாரணமாக 300 முதல் 500 மி.லி. வரை கொள்ளும். ஒவ்வொரு முறையும் 100 மி.லி.தான் போகிறது என்றால் இந்தப் பயிற்சி உங்களுக்கானது. ஒரு நாள் மொத்தமே 3 லிட்டரைத் தாண்டினால், காரணத்தைப் பையில் தேடுவதைவிடக் குடிக்கும் அளவிலும் சர்க்கரையிலும் தேட வேண்டும்.

3. குடிப்பது

நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். காபி, டீ, கோலாவில் உள்ள காஃபின் பையைத் தூண்டும். முதலில் மாலைக் காபியை விடுங்கள், அடுத்த வாரம் இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் தலைவலி வந்து, மறுநாளே திரும்பக் குடிப்பீர்கள். சூட்டைத் தணிக்கக் குடிக்கும் பார்லித் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் இந்தக் கணக்கில் சேரும், அவற்றைப் பகலோடு நிறுத்துங்கள். மலச்சிக்கலையும் சரிசெய்யுங்கள், நிறைந்த மலக்குடல் பையை அழுத்தும்.

4. அவசரம் வரும் நொடி

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். முட்டியதும் ஓடுகிறார்கள். ஓட ஓட வயிற்றின் அழுத்தம் கூடி, கழிப்பறை வாசலிலேயே கசிந்துவிடுகிறது. அவசரம் என்பது பையின் தசை தானாகச் சுருங்குவதுதான். பை நிறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தச் சுருக்கம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். உச்சியில் அசையாமல் இருந்து, இறங்கியதும் நடக்க வேண்டும்.

நின்ற இடத்தில் நில்லுங்கள். பக்கத்தில் நாற்காலி இருந்தால் உட்காருங்கள். அமுங்கும் சோபா வேண்டாம், கெட்டியான இருக்கைதான் சரி. வாயு பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை உள்ளிழுத்து மேலே தூக்கி, உடனே விடுங்கள். இப்படி வேகமாக ஐந்தாறு முறை. இந்த இடுப்புத்தளத் தசை இறுகும்போது, பையின் தசை அடங்கும்படி நரம்பு வழியே கட்டளை போகிறது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. அடிவயிற்றில் கை வைத்துப் பாருங்கள். வயிறு வெளியே தள்ளினால் நீங்கள் முக்குகிறீர்கள், அது நேர் எதிரான வேலை.

கூடவே மனத்தை வேறு பக்கம் திருப்புங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். அவசரம் தணிந்ததும் மெதுவாக நடந்து போங்கள்.

வீட்டு வாசலில் சாவியை நுழைக்கும்போதுதான் பலருக்கு முட்டும். கதவைத் தொடும் முன்பே ஐந்து முறை இழுத்து விட்டுவிட்டு, பிறகு பூட்டைத் திறங்கள். உள்ளே போனதும் நேராகக் கழிப்பறைக்குப் போகாமல் ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டுப் போங்கள். குழாயைத் திறக்கும்போது முட்டுகிறவர்களுக்கும் இதே முறைதான்.

அவசரம் இல்லாத நேரத்திலும் தசையைப் பழக்க வேண்டும். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்டு கெகல் 1948-ல் எழுதி வெளியிட்ட பயிற்சியை ஒட்டியது இது: தசையை இழுத்து ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதை விட்டுவிடுங்கள், பை முழுதும் காலியாகாமல் போகும்.

5. இடைவெளி

நோட்டைப் பாருங்கள். ஒரு மணிக்கு ஒருமுறை போகிறவர் இந்த வாரம் ஒன்றேகால் மணிக்கு ஒருமுறை, அடுத்த வாரம் ஒன்றரை மணிக்கு ஒருமுறை என்று தள்ளட்டும். மூன்று மணி நேரம் தாங்கினால் போதும். ‘எதற்கும் ஒருமுறை’ போவதை அடியோடு நிறுத்துங்கள், படுக்கப் போகும் முன் மட்டும் விதிவிலக்கு.

6. இரவு

படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குடிப்பதை முடித்துக்கொள்ளுங்கள். ரசமும் மோரும் கஞ்சியும் தண்ணீர்தான். கால் வீங்குகிறவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்க வேண்டும். அங்கே தேங்கிய நீர் தூங்கும் முன்பே வெளியேறிவிடும். வீக்கம் புதிதாக வந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் நேரத்தைத் தாங்களாக மாற்றாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

ஆறு வாரமாவது விடாமல் செய்யுங்கள். முதல் வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் தளர வேண்டாம். ‘வயசானால் இப்படித்தான்’ என்று சொல்லிக்கொண்டு கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பஸ் பயணத்துக்கும் பயந்து வீட்டில் முடங்குகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஏராளம். முடங்க வேண்டிய நோயே இல்லை இது. ஆறாம் வார முடிவில் மறுபடி மூன்று நாள் கணக்கு எழுதி, பழையதோடு ஒப்பிடுங்கள். முன்னேற்றம் போதவில்லை என்றால் இரண்டு கணக்கையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அடுத்த சிகிச்சையை முடிவு செய்ய அவருக்குத் தேவைப்படும் முதல் தகவலே அந்த நோட்டில்தான் இருக்கிறது.