சென்னை டு லண்டன்: டிக்கெட் விலையை மட்டும் பார்த்து புக் பண்ணாதீங்க

வெளிநாட்டு டிக்கெட் தேடும்போது நம்மில் பலர் முதல்ல பண்றது என்ன? விலை குறைஞ்சதுல இருந்து வரிசைப்படுத்துறது. விலையோட தூரத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தாதான் உண்மையான செலவு தெரியும்.

சென்னையில இருந்து லண்டன் ஹீத்ரோ நேர்க்கோட்டுல சுமார் 8,200 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம்னா 9 மணி நேரம் போதும். ஆனா ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, ஏறி இறங்குற நேரம், எதிர்க்காற்று, சுத்துவழி எல்லாம் சேர்ந்து பதினொன்னு கிட்ட வந்துடும். திரும்பி வரும்போது காற்று பின்னாடி இருந்து தள்ளும், அதனால பொதுவா கொஞ்சம் சீக்கிரம்.

டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்துல காலை 5.30க்குக் கிளம்பி 10.50க்கு லண்டன்னு போட்டிருந்தா அது 5 மணி 20 நிமிஷம் இல்ல. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைக் கூட்டுங்க: 10 மணி 50 நிமிஷம். மார்ச் கடைசி ஞாயிறுல இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் வித்தியாசம் நாலரை மணிதான்.

இப்போ துபாய் வழியா பாருங்க. துபாய் கிட்டத்தட்ட போற வழியிலயே இருக்கு. மொத்த தூரம் சுமார் 250 கி.மீ.தான் கூடுது. ஆனா ரெண்டு தடவை ஏறி இறங்கணும், நடுவுல 4 மணி நேரம் காத்திருப்புன்னு வெச்சா பயணம் 16 மணி நேரம் ஆகிடும். நேரத்தைத் தின்னுறது தூரம் இல்ல, காத்திருப்புதான்.

அந்த 5 மணி நேரத்துக்கு என்ன விலை? கைக்கு வர்ற சம்பளம் 60,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 22 நாள், தினம் 8 மணி நேரம்னா ஒரு மணி நேரம் சுமார் 340 ரூபாய். போக வர 10 மணி நேரம் கூடுதல், அதாவது 3,400. ஏர்போர்ட்ல சாப்பாடு ஒரு 1,500 (அங்க காபி விலையைப் பார்த்தாலே தூக்கம் போயிடும்). மொத்தம் 4,900. நேரடி டிக்கெட் 3,000 ரூபாய்தான் கூடன்னா யோசிக்காம அதையே எடுங்க. 12,000 கூடன்னா துபாய் வழியே லாபம். ஒரு நாள் லீவ் கூட போகும்னா இன்னொரு 2,700 சேர்த்துக்கங்க.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கறாரா இருப்பேன். ரெண்டு விமானமும் ஒரே பிஎன்ஆர்ல இருக்கணும். முதல் விமானம் லேட்டாகி அடுத்தது போயிடுச்சுன்னா, ஒரே பிஎன்ஆர்னா அடுத்த விமானத்துல ஏத்தி விடுறது பொதுவா ஏர்லைன் பொறுப்பு. தனித்தனியா வாங்கியிருந்தா புது டிக்கெட் உங்க காசுதான், அதுவும் கடைசி நிமிஷ விலையில.

அப்புறம், "இதுக்கு எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமா சார்?"னு கேட்காதீங்க. வெளிநாட்டுப் பயணத்துக்கு அந்த வரிவிலக்கு கிடையாது, இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான்.