உரிமைச் சொத்தும் புதுத் தளிரும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

பாட்டன் வைத்த தென்னையின் இளநீரைப் பேரன் குடிக்கிறான். பாட்டி அணிந்த அட்டிகையைப் பேத்தி அணிகிறாள். இப்படி ஒரு தலைமுறை தேடியதை அடுத்த தலைமுறை அடைவதையே உலகம் உரிமைச் சொத்து என்கிறது. கிறிஸ்தவர்களாகிய நமக்கு வேறொரு சொத்தும் உண்டு. அது பத்திரத்தில் எழுதப்படுவதன்று. ஞானஸ்நானத் தண்ணீரில் தரப்படுவது. அன்று நாம் இறைவனின் பிள்ளைகளானோம். பிள்ளைகள் என்றால் உரிமையாளர்கள். அதிலும் கிறிஸ்துவோடு உடன் உரிமையாளர்கள் என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதுகிறார். ஆனால் நிலத்தைப் பெற்றவர்கள் எல்லாரும் அதில் விளைச்சல் கண்டு விடுகிறார்களா? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு ஜெபமாலை.

பாட்டியின் ஜெபமாலை

சென்ற ஆண்டு தவக்காலத்தில் என் பாட்டி இறைவனடி சேர்ந்தார்கள். நிலம் மாமாமார்களுக்குப் போயிற்று. பாட்டியின் மர ஜெபமாலை எனக்கு வந்தது. அதன் மணிகள் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து, புளியங்கொட்டை போல் பளபளக்கும். “பாட்டியின் பக்தி அப்படியே பேத்திக்கு வந்திருக்கிறது” என்று உறவினர்கள் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்கு இனிப்பாக இருக்கும்.

அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நண்பகல். நான் அந்த ஜெபமாலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தேவ இரகசியம் முடியும் வேளையில் வாசலில் ஒரு குரல் கேட்டது. தெருக்கோடிக் குடிசையில் தனியாக வாழும் ஒரு மூதாட்டி தூக்குச் சட்டியோடு நின்றார். பாட்டி இருந்தவரை அவருக்கு நாள்தோறும் கஞ்சி ஊற்றுவது வழக்கம். பாட்டி மறைந்தபோது அவர் மகள் வீட்டில் இருந்தார். அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. “பாட்டி இறந்து போனார்கள். இனிமேல் வராதீர்கள்” என்று ஜன்னல் வழியே சொல்லிவிட்டு, நான்காம் தேவ இரகசியத்தைத் தொடங்கினேன்.

மாலையில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. அடுப்படியிலிருந்தே, “பாட்டியின் மாலை உன்னிடம் இருக்கிறது. பாட்டியின் கஞ்சிப் பானை யாரிடம் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. வெட்கப்பட்டேன், ஆனால் அந்தக் குடிசைக்குப் போகவும் இல்லை.

அக்சா கேட்ட நீரூற்று

மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் என் மனத்தில் இருந்ததை சிஸ்டரிடம் சொன்னேன். அவர்கள் யோசுவா ஆகமத்தின் 15ஆம் அதிகாரத்தைப் படித்து வரச் சொன்னார்கள். அங்கே நான் அக்சாவைக் கண்டேன்.

அக்சாவின் தந்தை காலேபு. கானான் நாட்டை உளவு பார்க்க மோயீசன் அனுப்பிய 12 பேரில் அவரும் ஒருவர். எஸ்கோல் பள்ளத்தாக்கில் ஒரே குலை தொங்கிய திராட்சைக் கிளையை அறுத்து, இருவர் தடியில் கட்டிச் சுமந்து வந்தார்கள். வாக்களிக்கப்பட்ட நாட்டின் வளத்துக்கு அடையாளமாக மக்கள் கண்டது அந்தக் குலையே. ஆயினும் பத்துப் பேர் அஞ்சிப் பின்வாங்கினார்கள். காலேபும் யோசுவாவும் மட்டுமே இறைவனை நம்பினார்கள். தமது 85ஆம் வயதில் காலேபு எபிரோனை உரிமைப் பங்காகப் பெற்றார்.

அவர் தம் மகள் அக்சாவை ஒத்தனியேலுக்கு மணம் முடித்துக் கொடுத்தார். அவளுக்குத் தெற்கேயுள்ள வறண்ட நிலம் கிடைத்தது. அக்சா கழுதையை விட்டு இறங்கியதும், உனக்கு என்ன வேண்டும் என்று தந்தை கேட்டார். வறண்ட பூமியைத் தந்த நீர் நீரூற்றுகளையும் தர வேண்டும் என்று அவள் கேட்டாள். தந்தை சினக்கவில்லை. மேல் ஊற்றையும் கீழ் ஊற்றையும் கொடுத்தார்.

தோழியரே, அக்சா தந்தை தந்த நிலத்தை வேண்டாம் என்று தள்ளவில்லை. நிலம் கிடைத்ததே போதும் என்று இருந்துவிடவும் இல்லை. தண்ணீர் இல்லாத நிலம் பட்டாவில் மட்டுமே நிலம் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தது நமக்குக் கிடைத்த நிலம். பாட்டி கற்றுத்தந்த ஜெபங்கள், பங்குக் கோவில், இந்தப் பள்ளி எல்லாம் நிலமே. ஊற்றை நாம்தான் கேட்க வேண்டும். அந்த ஊற்று பரிசுத்த ஆவியானவர். தம்மிடம் கேட்பவர்களுக்கு வானகத் தந்தை பரிசுத்த ஆவியைத் தருவார் என்று ஆண்டவர் உறுதி கூறியிருப்பதை லூக்காஸ் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். நாம் அடையவிருக்கும் உரிமைச் சொத்துக்கு அந்த ஆவியே அச்சாரம் என்கிறார் புனித சின்னப்பர். நிலம் வாங்குவோர் அச்சாரம் கொடுப்பது நாம் அறிந்ததே. இங்கேயோ நிலத்தைத் தருபவரே அச்சாரமும் தருகிறார்!

கம்பத்தில் கற்ற பாடம்

அரையாண்டு விடுமுறையில் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள மாமாவின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கு விளைவது பன்னீர் திராட்சை. இந்த இனத்தை 1832ஆம் ஆண்டு தமிழகத்துக்குக் கொண்டு வந்தவர் ஒரு பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் என்பார்கள். 2023ஆம் ஆண்டு கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நான் போன அன்று கவாத்து நடந்துகொண்டிருந்தது. பந்தலில் படர்ந்திருந்த கொடிகளை ஆட்கள் கத்தரியால் வெட்டித் தள்ளினார்கள். வெட்டிய நுனிகளிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

“ஏன் மாமா, நன்றாக இருக்கிற கொடியைப் போய் வெட்டுகிறீர்கள்?” என்றேன்.

“வெட்டாமல் விட்டால் கொடி ஓடும், இலை விடும், பார்க்கப் பச்சையாக இருக்கும். பழம்தான் இருக்காது. கொடி பழையதாக இருக்கலாம் தாயி. ஆனால் பழம் புதுத் தளிரில்தான் வரும்” என்றார் மாமா.

“அப்படியானால் பழைய கொடி எதற்கு?”

“அது இல்லாவிட்டால் தளிர் எங்கிருந்து வரும்?”

கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் அந்தத் தளிர்களில் பழம் பறிக்கலாமாம். அந்தப் பந்தலின் கீழ் நின்றபோதுதான், அருளப்பர் நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் எனக்கு விளங்கியது. இயேசு தம்மைத் திராட்சைக் கொடியாகவும், நம்மைக் கிளைகளாகவும், தந்தையைத் தோட்டக்காரராகவும் கூறுகிறார். தம்மில் நிலைத்திராத கிளை தானாகக் கனி தராது என்கிறார். கனி தரும் கிளையையும் தந்தை தறித்துத் துப்புரவு செய்கிறார் என்கிறார். திராட்சையின் கட்டையில் ஒரு முளைகூடச் செய்ய முடியாது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி கூறுகிறார். வேம்பு காய்க்காவிட்டாலும் கதவுக்கு ஆகும். திராட்சைக் கொடியோ கனிக்காகவே படைக்கப்பட்டது.

பாட்டியின் அன்பு பாட்டி தந்த கனி. அதை என் கனி என்று நான் கணக்குக் காட்ட முடியாது. அவர்கள் எனக்கு விட்டுச் சென்றது கொடியை. அதில் புதுத் தளிர் நான் விட வேண்டும். புனித சின்னப்பரும் தம் சீடர் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் இருந்த விசுவாசத்தைப் பாராட்டுகிறார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. உன்னுள் இருக்கும் இறைக்கொடையை நீ தூண்டி எரியச் செய் என்று அடுத்த வரியிலேயே அறிவுறுத்துகிறார்.

ஆவியின் கனிகள்

அன்பு, மகிழ்ச்சி, சமாதானம், பொறுமை, பரிவு, நன்னயம் என்று தொடங்கும் பரிசுத்த ஆவியின் 12 கனிகளை நாம் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். நானும் தடுமாறாமல் ஒப்பிப்பேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பரிவு என்ற கனி அன்று என் வீட்டு வாசலில் தூக்குச் சட்டியோடு வந்து நின்றது. நான்தான் அதை அடையாளம் காணவில்லை. ஜெபம் செய்தது என் குற்றமன்று. ஜெபத்தையே கதவாக்கி அடைத்தது என் குற்றம்.

முடிவுரை

விடுமுறை முடிந்து வந்ததும் பரணிலிருந்த கஞ்சிப் பானையை இறக்கிக் கழுவினேன். முதல் நாள் அந்த மூதாட்டி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நியாயமே. கஞ்சியைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் அப்படியே நடந்தது. நான்காம் நாள் என் கையிலிருந்தே வாங்கிக் குடித்துவிட்டு, “உன் பாட்டி இன்னும் கொஞ்சம் உப்புப் போடுவாள்” என்றார். அன்று மாலை ஜெபமாலை சொன்னபோது அதன் மணிகள் எனக்குப் புதியவையாகத் தோன்றின.

அன்புத் தோழியரே, இந்த ஆண்டோடு பத்தாம் வகுப்பு மாணவியர் பலர் இப்பள்ளியை விட்டுப் பிரியப் போகிறோம். மதரும் சிஸ்டர்களும் ஆசிரியைகளும் நம்மைக் கண்டித்த நாள்கள் பல. அவை கவாத்து நாள்கள் என்று இப்போது எனக்குப் புரிகிறது. இவர்களும் நம் பெற்றோரும் நமக்கு நல்ல கொடியைத் தந்திருக்கிறார்கள். எங்கே சென்றாலும் அக்கொடியை விட்டு அறுபடாமல், ஊற்றைத் தந்தையிடம் நாளும் கேட்டு, நமக்குரிய கனியை நாமே தருவோமாக!