டீசல் காரின் வடிகட்டியைக் கழற்றலாமா?

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின், நம் நாட்டின் புது டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியைக் காண்கிறோம். தேன்கூடு போன்ற இதன் கண்ணறைகள் ஒன்றுவிட்டு ஒன்று முனை அடைபட்டவை. எனவே புகை நுண்துளைச் சுவர் வழியே கசிய, கரி தங்கிவிடுகிறது. சுமார் 600 டிகிரி சூட்டில் அக்கரி எரிந்துபோகும்.

கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் காரில் அவ்வளவு சூடு ஏறுவதில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், இழுவை குறையும். "கழற்றிவிடலாம் சார், மைலேஜ் கூடும்" என்பார் மெக்கானிக். பணம் மிச்சந்தான்! ஆனால் அந்தக் கரி எங்கே போகும்? பின்னால் சைக்கிளில் வருகிறவரின் நுரையீரலுக்குத்தான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது. ஆகவே கழற்றக் கூடாது என்பதே எங்கள் கருத்து. எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட்டிப் பார்க்கும்படி அப்பாவிடம் சொல்வோம்.